அல்ட்ராசோனிக் சர்க்யூட் கட்டுரை பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவியல் பக்கத்துல வந்த அல்ட்ராசோனிக் டிரான்ஸ்மிட்டர் (காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பற சர்க்யூட்) கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா அதை அப்படியே பார்த்து செய்றவங்க ஒரு இடத்துல மாட்டிப்பாங்க, நானே மாட்டினேன். 555ங்கிற டைமர் ஐசி வச்சு 40 கிலோஹெர்ட்ஸ் வரவைக்கணும்னு போட்டிருக்கீங்க சரி, ஆனா அந்த பீசோ டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை ஒலி அதிர்வா மாத்துற பாகம்) தன்னோட ரெசொனன்ஸ்ல, அதாவது இயல்பா அதிர்ற அலைவரிசையில, மட்டும்தான் சத்தமா பாடும், ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலே பாதி செத்துடும். அதனால ஃபிக்ஸட் ரெசிஸ்டர் போடாம பிரீசெட் (திருகி மாத்தற ரெசிஸ்டர்) போட்டு, எதிர்ல ரிசீவரை வச்சு ஆசிலோஸ்கோப்ல அலை பெருசாகுற வரைக்கும் திருகணும்.

அலையை விட்டு விட்டு சின்னச் சின்னத் துண்டா அனுப்ப, அதாவது பல்ஸ் பண்ண, 555-ஓட 4வது பின்னை, அதாவது ரீசெட்டை, ஆன் ஆஃப் பண்ணா போதும். ஒரு பல்ஸ்ல 8 சைக்கிள் வேணும்னா 200 மைக்ரோசெகண்ட் ஆன்ல இருக்கணும். 555-ஓட டைமிங் கெப்பாசிட்டர் காலியா இருந்து ஆரம்பிக்கறதால முதல் சைக்கிள் மட்டும் கொஞ்சம் நீளமா வரும், நான் இதைப் பார்த்துட்டு ஐசி போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டேன் (பாவம் அது)!

9 வோல்ட்ல பவர் பத்தலைன்னா 4049ங்கிற இன்வெர்ட்டர் ஐசி (சிக்னலைத் தலைகீழாக்கறது, வீட்டு இன்வெர்ட்டர் இல்ல) வச்சு டிரான்ஸ்டியூசரோட ரெண்டு முனையையும் எதிரெதிரா ஓட்டுங்க, 18 வோல்ட் பீக் டு பீக் (அலையோட உச்சியிலருந்து அடி வரைக்கும்) கிடைக்கும், ஆனா சும்மா இருக்கறப்ப டிரான்ஸ்டியூசர் மேல டிசி வோல்டேஜ் நிக்காம இருக்க சீரிஸ்ல ஒரு கெப்பாசிட்டர் கட்டாயம்.

இன்னொன்னு, பல்ஸ் நின்னாலும் டிரான்ஸ்டியூசர் மணி மாதிரி கொஞ்ச நேரம் அதிர்ந்துட்டே இருக்கும், அது ஒரு மில்லிசெகண்ட் நீடிச்சாலே 17 செ.மீ.க்குள்ள இருக்கற பொருள்ல பட்டுத் திரும்பற எக்கோ அதுல மூழ்கிடும். இதையும் அடுத்த வாரம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்