மறதிநோய் இல்லங்களை ராத்திரியில் வந்து பாருங்கள்

மாண்புமிகு சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதிநோய். முடிந்தவரை மதுரையில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். நடுராத்திரியில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். கூடவே இருந்து பார்த்த அப்பாவுக்கும் எண்பது தாண்டிவிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் வேறு வழி இல்லை என்று ஆனபோதுதான் மதுரை, கோவை, சென்னை என்று இல்லங்களைத் தேடிப் போக ஆரம்பித்தோம். மறதிநோய் உள்ள ஒருவரை ஓர் இல்லத்தில் விடலாமா, கூடாதா என்று முடிவுசெய்வதற்கு ஒரு குடும்பத்தின் கையில் இருப்பது அங்கே நமக்கு ஒதுக்கும் அரை மணி நேரம் மட்டும்தான். முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போகவும், பதிவேட்டை வாங்கிப் பார்க்கவும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதை எங்களுக்காகப் பயன்படுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. முதியவர்களின் மறதிநோயைப் பற்றி 2023-இல் வெளியான லாசி-டாட் என்ற ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது. தமிழ்நாடோ நாட்டிலேயே முதியவர்களின் பங்கு அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அதனால் இல்லங்கள் பெருகுகின்றன. அதில் தவறேதும் இல்லை. அம்மாவை இல்லத்தில் விட்டவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று பேசுகிறவர்கள், மூன்று ராத்திரி தூங்காமல் ஒரு மறதிநோயாளியைப் பார்த்துக்கொண்ட பிறகு பேசட்டும்.

இல்லங்களில் எங்களுக்குக் காட்டியதெல்லாம் கட்டிடம். கிரானைட் தரை, ஏ.சி. அறை, பூஜை மாடம், வரவேற்பறையில் டிவி, சுவரில் வாராந்திர சாப்பாட்டுப் பட்டியல். எல்லாம் அழகாகவே இருந்தது. ஆனால் மறதிநோயாளிக்கு வேண்டியது வேறு. படுக்கையில் இருந்து பார்த்தால் கழிப்பறைக் கதவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போக வேண்டும் என்பதே அவருக்கு நினைவு வராது, அப்புறம் எல்லோருக்கும் டயப்பர்தான். பளபளக்கும் தரை அவர் கண்ணுக்கு ஈரமாகத் தெரியும். கால் வைக்கப் பயப்படுவார். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் யாருடையது யாரிடம் என்று பெயர் ஒட்டி வைத்திருக்க வேண்டும். ஓர் இல்லத்தில் ஒரே டப்பாவில் நான்கைந்து பல்செட்டுகள் கிடந்தன. "பாத்து எடுத்துப் போட்டுடுவோம்" என்றார் அங்கிருந்த அக்கா. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து பேரைப் பகல் முழுக்க ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னோர் இடத்தில் நான் கண்டதை மறக்கவே முடியவில்லை. அங்கே இருந்த பாட்டிகள் எல்லோருக்கும் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் வருகிறது, எண்ணெய் வைத்துச் சீவ ஆள் இல்லை, அதனால் சேரும்போதே வெட்டிவிடுவோம் என்று மேலாளர் சாதாரணமாகச் சொன்னார். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொண்டையைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் நைட்டி. யார் யாருடைய அம்மா என்று அடையாளம் சொல்ல முடியாது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். அதன் 20-ஆவது பிரிவு, கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்த உடையை உடுத்த விட வேண்டும், சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. 97-ஆவது பிரிவு இன்னும் தெளிவு. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் ஒருவரைக் கட்டலாம். ஏன், எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டவே கூடாது. நான் பார்த்த இல்லங்களில் துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்து இடுப்பைக் கட்டியிருந்தால் அதற்குச் சொன்ன காரணம் எப்போதும் அதுதான்: ஆள் இல்லை, எழுந்தால் விழுந்துவிடுவார்.

துணியால் கட்டினால் கண்ணுக்காவது தெரியும். மாத்திரையால் கட்டினால் தெரியாது. மதியம் மூன்று மணிக்கு ஒரு ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி தூங்குகிறார்கள் என்றால், அது சாப்பாட்டு மயக்கம் என்று நம்பச் சொல்கிறார்கள். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகள் சிலருக்கு, சில காலத்துக்கு, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் தேவைப்படலாம். ஆனால் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. மருந்துப் பதிவேட்டில் எத்தனை பேருக்கு இது எழுதப்பட்டிருக்கிறது, எழுதிய மருத்துவர் கடைசியாக எப்போது நேரில் வந்து பார்த்தார் என்று ஓர் ஆய்வாளர் கேட்டாலே பாதி இல்லங்களின் லட்சணம் தெரிந்துவிடும். நான் கேட்டபோது, "டாக்டர் போன்லயே சொல்லிடுவாருங்க" என்ற பதில்தான் வந்தது.

நல்ல இடமும் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். சின்ன வீடு, பெயின்ட் உரிந்த சுவர், லிஃப்ட் கிடையாது. மாலை ஐந்து மணிக்குப் போயிருந்தேன். மறதிநோயாளிகளுக்குப் பொழுது சாயும் நேரம் கஷ்டமான நேரம். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், வாசலுக்கும் ஹாலுக்கும் நடப்பார்கள், அழுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள். அங்கேயும் ஒரு பாட்டி புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தபடி "புள்ள வந்துரும், சோறு ஆக்கணும்" என்று படபடத்துக்கொண்டிருந்தார். அங்கே வேலை செய்கிற பெண் ஒரு கூடைத் துவைத்த துண்டுகளைக் கொண்டுவந்து மடியில் வைத்து, "ஆமா ஆச்சி, வந்துரும். அதுக்குள்ள இதை மடிச்சுக் குடுத்துருங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஆச்சியின் கை வேலையில் இறங்கியது, குரலும் தணிந்தது. ஆச்சி மடித்து முடித்ததை அந்தப் பெண் உள்ளே கொண்டுபோய்ப் பிரித்து, மறுபடியும் கூடையில் கொண்டுவந்தார். ஒரு மாத்திரை செய்கிற வேலையை ஒரு மனுஷி செய்தார். அதற்கு அவருக்கு நேரம் இருந்தது. ஆறு பேருக்கு ஒருவர் என்று அங்கே ஆள் போட்டிருந்தார்கள். அவருக்குத் தமிழும் தெரிந்திருந்தது.

மொழியைச் சொல்லக் காரணம் உண்டு. பல இல்லங்களில் ராத்திரி வேலைக்கு இருப்பது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளம்பெண்கள். உழைப்பாளிகள், பாசமானவர்கள்கூட. ஆனால் "வயித்த வலிக்குது" என்பதையே நேராகச் சொல்லத் தெரியாமல் "அது வருது, அது வருது" என்று சொல்கிற என் அம்மாவைத் தமிழ் தெரியாதவர் எப்படிப் புரிந்துகொள்வார்? ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியின் மொழி பேசும் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது ஆடம்பரமான கோரிக்கை இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஆதரவற்ற முதியவர்களுக்கு அரசு நிறுவும் இல்லங்களைப் பற்றித்தான் முதன்மையாகப் பேசுகிறது. மாதம் பல ஆயிரம் வாங்கும் தனியார் இல்லங்களைக் கட்டாயமாகப் பதிவுசெய்து குறைந்தபட்சத் தரம் வகுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது; சட்டமாகாமலே போனது. 2017 சட்டத்திலோ மனநோய் என்பதன் விளக்கத்திலேயே நினைவும் திசையறிவும் கடுமையாகக் குலைவது அடங்கும். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் மனநல ஆணையத்தில் பதிவுசெய்ய வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் சேர்ந்து தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதன்படி மறதிநோய் இல்லங்கள் உங்கள் ஆணையத்தின் கீழ் வந்தாக வேண்டும் என்பதே என் வாசிப்பு. ஆனால் நேரில் கேட்டால் இல்லக்காரர்கள் சொல்வது: "நாங்க முதியோர் இல்லம்தாங்க, மனநல காப்பகம் இல்ல." மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால், மருத்துவ விஷயம் எங்களிடம் வராது என்கிறார்கள். இரண்டு துறைக்கும் நடுவில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாநிலத்துக்கு ஏர்வாடி என்றால் என்னவென்று தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். கட்டி வைத்திருந்ததும் பதிவில்லாமல் நடந்ததும் அதற்கு முன்பே ஊருக்குத் தெரியும். வெளியிலிருந்து பூட்டிய படுக்கையறையும், ராத்திரி முழுவதும் பூட்டிக் கிடக்கும் இரும்பு கேட்டும், சாவி எங்கே என்று தெரியாத ஒற்றை ஆயாவும் இருக்கிற இல்லங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மறதிநோயாளிகளைச் சேர்க்கும் எந்த இல்லமும், அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், எந்தத் துறையின் பொறுப்பு என்று இரண்டு துறைகளும் உட்கார்ந்து பேசி ஓர் அரசாணையில் எழுதுங்கள். ஆய்வுக்குப் போகிறவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் போகட்டும். மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை, ராத்திரி பதினொன்றுக்கு ஒருமுறை. தீயணைப்புச் சான்றிதழோடு நின்றுவிடாமல், விழுந்தவர்களின் பதிவேடு, மாதாமாதம் எடுத்த எடை, படுக்கைப்புண் யாருக்கு வந்தது, மருந்துப் பதிவேடு எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கட்டும். எடையைக் குறிப்பாகச் சொல்கிறேன். மறதிநோயாளிக்கு விழுங்குவதே மறந்துபோகும். ஒரு பிடி சாதம் ஊட்ட நாற்பது நிமிஷம் ஆகும். ஆள் போதாத இல்லத்தில் தட்டு அப்படியே திரும்பிப் போகும், மூன்று மாதத்தில் எடை இறங்கியிருக்கும். அந்த ஒரு பக்கத்தில் எதையும் மறைக்க முடியாது.

அப்புறம், ஆய்வறிக்கையைப் பொதுவில் வையுங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்தையும் சி.க்யு.சி. என்ற அரசு அமைப்பு ஆய்வுசெய்து, மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நான்கில் ஒன்றாகத் தரம் போடுகிறது. அந்தத் தரத்தை இல்லத்தின் வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். அங்கேயும் மோசமான இல்லங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு மகள் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. எனக்கு இருந்தது கூகுளில் நான்கரை நட்சத்திரம்.

ஒப்பந்தத்தையும் பாருங்கள். எங்களிடம் நீட்டிய ஒன்றில், "நடத்தைப் பிரச்சினை ஏற்பட்டால் 24 மணி நேரத்தில் அழைத்துச் சென்றுவிட வேண்டும், அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. மறதிநோய்க்கென்றே நடத்தும் இல்லத்தில் நடத்தைப் பிரச்சினை வராமல் என்ன வரும்? பார்வையாளர் நேரம் ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் என்றும் அதில் இருந்தது. குடும்பம் எந்த நேரமும் வரலாம் என்று ஒரு விதி போட்டாலே, நீங்கள் அனுப்பும் ஆய்வாளர்களைவிட அதிகமான கண்கள் உங்களுக்குக் கிடைக்கும்.

பணம் உள்ளவர்களுக்கு மட்டும் இதைக் கேட்கவில்லை. பக்கத்து மாநிலமான கேரளம் 'ஸ்மிருதிபதம்' என்ற திட்டத்தில் அரசே மறதிநோயாளிகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு மையமும் முழுநேர மையமும் நடத்த முன்வந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் போன்ற மனநலத் தொண்டு நிறுவனங்களிடம் இந்த நோயைக் கையாண்ட அனுபவம் இருக்கிறது. ஆயாக்களுக்கும் அட்டெண்டர்களுக்கும் பயிற்சிப் பாடம் எழுத அவர்களைக் கூப்பிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-இலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறவர்களால், மறதிநோயாளி இருக்கிற வீட்டையும் குறித்துக்கொள்ள முடியும். மாவட்டத்துக்கு ஒரு பகல்நேர மையம் இருந்திருந்தால் என் அம்மா இன்னும் இரண்டு வருஷம் வீட்டில் இருந்திருப்பார்.

அம்மா இப்போது அந்தப் பெயின்ட் உரிந்த வீட்டில்தான் இருக்கிறார். அந்த இல்லம் எந்தத் துறையிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று அதை நடத்துகிறவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. யார் வந்து கேட்டாலும் காட்டத் தயார் என்கிறார். முதல் ஆய்வை அங்கிருந்தே தொடங்கலாம். எந்த நாள், எந்த நேரம் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மறதிநோய் உள்ள ஒரு தாயின் மகள்,
மதுரை