பெட்டிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் நிற்கும் ஒருவன் எழுதுவது

புது டெல்லியில், மத்திய சுகாதார அமைச்சகத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எனக்கு வயது 51. கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தபோது 19. நடுவில் விடாமல் இல்லை. மலைக்கு மாலை போட்ட மூன்று வருடங்களும் ஒரு மண்டலம் முழுக்கத் தொட்டதில்லை. ஆனால் ஊர் திரும்பி, அம்மா கையால் மாலையைக் கழற்றிய அரை மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் நின்றிருக்கிறேன். மூன்று தடவையும் அப்படித்தான். சாமி மேல் இருந்த பயம் இறங்கியதும் சிகரெட் ஏறிக்கொண்டது.

நான் எழுத வந்தது வேப் பற்றி. இ-சிகரெட் என்று சட்டத்தில் சொல்லி நீங்கள் தடை செய்திருப்பது. நிகோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி. அதை விற்க அனுமதியுங்கள் என்று கொடி பிடிக்கிற ஆள் என்று நினைத்துக் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். கொஞ்சம் முழுசாகப் படியுங்கள்.

வேலை விஷயமாக இரண்டு வருடம் லண்டனில் இருந்தேன். ஈஸ்ட் ஹாம் பக்கம், நம்ம ஊர் மளிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு மாடி அறை. அங்கே ஒற்றை சிகரெட் என்ற பேச்சே இல்லை. 20 கொண்ட பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டால் கை தானாகப் பையிலிருந்து வெளியே வந்துவிடும். ஆனாலும் வாங்கினேன். சாப்பாட்டில் குறைத்து சிகரெட்டில் போட்டேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 ஏப்ரலில் அந்த ஊர் அரசாங்கம் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கிட் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் நானும் புகை நிறுத்த உதவும் மையம் ஒன்றுக்குப் போனேன். ஒரு அம்மா என்னை ஒரு கருவிக்குள் ஊதச் சொன்னார். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அது காட்டும். எனக்கு 24 காட்டியது. புகைக்காத அவருக்கு 1. திட்டவில்லை, நுரையீரல் படத்தைக் காட்டவில்லை. "காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடம் என்றேன். 20 மில்லிகிராம் நிகோட்டின் போட்ட திரவத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு மில்லி லிட்டருக்கு அதற்கு மேல் அங்கே சட்டப்படி விற்க முடியாது.

கருவி லைட்டரைவிடக் கொஞ்சம் பெரிசு. திரவம் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பி மாதிரி ஒரு 10 மில்லி குப்பியில். ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கும் பஞ்சு நன்றாக ஊற ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். முப்பது வருடப் பழக்கக்காரனுக்கு ஐந்து நிமிடப் பொறுமை எங்கே இருக்கும்? உடனே இழுத்தேன். கருகிய துணியை வாயில் வைத்தது போல் இருந்தது. இரண்டாவது நாள் இருமல். மூன்றாவது நாள், இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று கீழே இறங்கி ஒரு பாக்கெட் வாங்கினேன்.

இரண்டு வாரம் இரண்டும் ஓடியது. மறுபடி போனபோது அந்த அம்மா, இதையும் அதையும் சேர்த்துப் பிடித்தால் பெரிய பலன் கிடையாது, சிகரெட்டை மொத்தமாக நிறுத்தினால்தான் கணக்கு என்றார். மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி படுக்கும்போதுதான் நினைவு வந்தது, அன்றைக்கு ஒன்றுகூடப் பற்றவைக்கவில்லை. தீர்மானம் எதுவும் எடுத்திருக்கவில்லை. மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். இன்னும் சில நாள் கழித்து அலமாரியைத் திறந்தபோது என் கோட்டின் நாற்றம் எனக்கே அடித்தது. என் மனைவி இத்தனை வருடமாகச் சொல்லிவந்தது இதைத்தான் போல. அடுத்த முறை ஊதியபோது கருவி 2 காட்டியது.

புகையிலை எரிவதுதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரக் காரணம். வேப்பில் எதுவும் எரிவதில்லை. ஒரு கம்பிச் சுருள் சூடாகி திரவத்தை ஆவியாக்குகிறது. அதற்காக அது தீர்த்தம் ஆகிவிடாது. 95 சதவீதம் தீங்கு குறைவு என்று 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு சொன்னதை, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மறுத்த மருத்துவர்களும் உண்டு. சீனாவில் ஒரு மருந்தாளுநர் இதைக் கண்டுபிடித்ததே 2003 வாக்கில்தான். முப்பது வருடம் வேப் இழுத்தவன் என்று உலகத்தில் ஒருவன்கூடக் கிடையாது.

அதோடு, அனுபவத்தில் கண்ட ஒரு கோளாறையும் நானே சொல்லிவிடுகிறேன். சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது. பஞ்சு வரை வந்ததும் அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். வேப்புக்கு முடிவு என்பதே கிடையாது. மெத்தையில் படுத்தபடி, மடிக்கணினி முன்னால், குளியலறையில் என்று நாள் முழுக்கக் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நிகோட்டினை 20லிருந்து 10க்குக் குறைத்தேனே தவிர விடவில்லை. நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். மெல்லும் நிகோட்டின் கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் வகையறா கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் வருடக் கடைசியிலும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் வியாபாரியாக இருப்பார், இல்லாவிட்டால் உங்கள் பக்கத்து ஆளாக இருப்பார்.

சரி, சென்னைக்கு வருகிறேன்.

கிளம்புவதற்கு முன் உங்கள் சட்டத்தைப் படித்தேன். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தமிழ்நாடு அதற்கும் ஒரு வருடம் முன்பே தடை போட்டுவிட்டது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், இருப்பு வைத்தல், விளம்பரம் என்று சட்டத்தின் பெயரே ஒரு பத்தி நீளம். முதல் தடவை சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மகள் கல்லூரியில் படிக்கிறாள், எனக்கு எதற்கு வம்பு? ஹீத்ரோ விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியில் கருவியையும் மிச்சம் இருந்த குப்பியையும் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். தாம்பரத்துக்கு வந்து பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பதினோராவது நாள் காலை டீக்கடை. ஒட்டினாற்போல் பெட்டிக்கடை. "என்ன சார், ஆளையே காணோம்?" என்று சிரித்தபடி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே டப்பாவிலிருந்து ஒன்றை உருவி நீட்டிவிட்டார் கடைக்காரர். பிராண்டைக்கூட அவர் மறக்கவில்லை. லைட்டர் அதே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. இரண்டு வருடம் கழித்து வந்தவனை அப்படி ஞாபகம் வைத்திருப்பது இந்த ஊரில் பாசம்.

நீங்கள் பார்க்க வேண்டும் என்று நான் கேட்பது இந்த இடத்தைத்தான். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போட வைத்தீர்கள், 2016இல். பெரிய காரியம். புகைப்பதை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் அதில் அச்சிட வைத்தீர்கள். ஆனால் ஒற்றையாக வாங்குகிறவன் பாக்கெட்டை எங்கே பார்க்கிறான்? அது கல்லாவுக்குக் கீழே, கடைக்காரரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அந்த எண்ணை நான் முதன்முதலில் படித்தது கடை வாசலில் கிடந்த காலி அட்டை ஒன்றில். மகாராஷ்டிரத்தில் 2020இலேயே ஒற்றை விற்பனையைத் தடை செய்தார்கள். நாடு முழுக்க ஏன் செய்யக்கூடாது என்று நாங்கள் கேட்டால் சிரிப்பு வரலாம். ஒற்றை வாங்குகிறவனே கேட்கிறானே என்று.

அன்று சாயங்காலம் ரோஷம் வந்து மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினேன். ஐந்து கடையில் இரண்டில்தான் நிகோட்டின் கம் இருந்தது. அதுவும் 2 மில்லிகிராம். எழுந்து பத்து நிமிடத்தில் பற்றவைக்கிற என் போன்றவனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 4 மில்லிகிராம் வேண்டுமென்றால் மருத்துவர் சீட்டு கேட்டார்கள். சீட்டு இல்லாமல் ஒரு நாளைக்கு நாற்பது சிகரெட் வாங்கலாம், தெரியுமில்லையா? இன்னொரு கடையில் பேட்ச் இருக்கிறதா என்றேன். "மூட்டுவலிக்கா சார்?" என்றார் அந்தப் பையன். 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோட்டின் மாற்று மருந்தைச் சேர்த்தவர்கள் நீங்கள்தான். பட்டியல் டெல்லியிலிருந்து தாம்பரம் வந்து சேர எவ்வளவு நாள் ஆகும்?

2019இல் நீங்கள் ஏன் பயந்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வருடம் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் பிடித்தார்கள். நுரையீரல் பாதித்து ஆட்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்துபோனார்கள். அதில் பெரும்பாலானவை கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு தொடர்புள்ளவை என்று பிறகு தெரிந்தது. ஆனால் செப்டம்பரில் அது யாருக்குத் தெரியும்? பள்ளிப் பிள்ளைகளை நினைத்துச் சட்டம் போட்டீர்கள், நானும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்தான்.

அந்தப் பிள்ளைகள் தப்பித்தார்களா என்றால், போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகன் இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங். அவன் பையிலிருந்து மார்க்கர் பேனா மாதிரி இளஞ்சிவப்பில் ஒன்று விழுந்தது. அக்கா அதை பேனா என்றே நினைத்து எடுத்து மேஜையில் வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். "டெலிகிராம்ல மாமா, பைக்ல கொண்டுவந்து குடுப்பாங்க" என்றான். மாம்பழச் சுவை. லேபிளில் நிகோட்டின் 5 சதவீதம் என்று போட்டிருந்தது. லண்டனில் முப்பது வருடப் பழக்கக்காரனான எனக்கே 2 சதவீதத்துக்கு மேல், அதாவது அந்த 20 மில்லிகிராமுக்கு மேல், தர மறுத்தார்கள். இங்கே ஒருநாள்கூட சிகரெட் பிடித்திராத பத்தொன்பது வயதுப் பையனுக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு. லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று சோதிக்கவும் ஆள் இல்லை, ஏனென்றால் சட்டப்படி அப்படி ஒரு பொருளே நாட்டில் இல்லை. சட்டத்துக்குப் பயந்து தொட்டியில் போட்டவன் நான். பயப்படாதவன் கையில் அது இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். வேப்பைக் கடைவீதியில் விட வேண்டாம், மாம்பழமும் பஞ்சுமிட்டாயும் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்துக்கடை தவிர வேறெங்கும் வேப் விற்கக்கூடாது. அதுபோல, சிகரெட்டை விட முயல்கிறவனுக்கு மட்டும், மருத்துவர் சீட்டோடு, அளவு குறித்து, மருந்துக்கடை வழியே கிடைக்க ஒரு வழி இருக்கக் கூடாதா? யோசித்துவிட்டு முடியாது என்று நீங்கள் சொன்னால்கூட ஏற்றுக்கொள்கிறேன், யோசித்ததாகத் தெரிந்தால். அப்படிச் சொல்கிற பட்சத்தில் மற்ற கதவையாவது திறந்து வையுங்கள். புகையிலையை விட உதவும் என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த வேரெனிக்லின் மாத்திரையும், பேட்சும், கம்மும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை மாதிரி சும்மா கிடைக்கட்டும்.

வேப் பேச்செல்லாம் என் போல் லண்டன் போய்வந்தவனின் பேச்சு என்பதும் தெரியும். 2016-17 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி 7.7 சதவீதம். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் பெரியவர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. கம் ஒரு பட்டை என்ன விலை என்று சொன்னேன். "அதுக்கு அரை வாரத்துக்குப் பீடி வாங்கிருவேன் தம்பி" என்றார். அதே கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேர், விட நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவரும் அதில் ஒருவர்தான், கேட்டுப் பார்த்தேன்.

(அரசின் கையில் இருக்கும் எல்.ஐ.சி. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் பாலிசியும் அங்கேதான் இருக்கிறது.)

அந்த 1800 எண்ணுக்கு அழைத்துப் பேசினேன். தமிழிலேயே பேசினார்கள், பொறுமையாக. நிறுத்தும் தேதி ஒன்றைக் குறிக்கச் சொன்னார்கள், அடுத்த வாரம் மறக்காமல் அவர்களே கூப்பிட்டார்கள். முன்பு ஒரு நாளைக்குப் பதினைந்து, இப்போது நாலு. இப்படி ஒரு நல்ல சேவையைக் கல்லாவுக்குக் கீழே முழங்காலுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்களே என்றுதான் ஆதங்கம்.

மற்றதெல்லாம் கோப்பு நகர்ந்து வர நாளாகும். ஒன்று மட்டும் சீக்கிரம் செய்யலாம். அந்த எண்ணைத் தமிழில் பெரிதாகப் போட்டு, பெட்டிக்கடையில் லைட்டர் தொங்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்புங்கள். எங்கள் கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். "ஒட்டிக்கோங்க சார், வெயில்ல உரியாத மாதிரி நல்ல கம்மா போட்டு ஒட்டுங்க" என்றார்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து,
நாலில் நிற்கும் ஒருவன்