நிறமல்ல, கொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கட்டப்படும் வாழ்த்துப் பதாகைகளில், மிகச் சிறப்பாகத் தேறினார் என்பதைச் சொல்லும் ‘வித் ஃபிளையிங் கலர்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரைக் காணலாம். தமிழாக்கச் சொன்னால் பிள்ளைகள் ‘பறக்கும் நிறங்களோடு’ என்று எழுதிவிடுகிறார்கள். பிழை அவர்களுடையதல்ல. ‘கலர்’ என்றால் நிறம் என்று சிறுவயதிலேயே படித்தாகிவிட்டது. பன்மையில் அது கொடியையும் குறிக்கும் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்வதில்லை.

இது கப்பலில் பிறந்த தொடர். பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போரில் கொடியை இறக்கினால் சரணடைந்துவிட்டதாகப் பொருள். சண்டை ஓய்ந்த பின்னும் கொடி பறந்துகொண்டிருந்தால் அந்தக் கப்பல் தோற்கவில்லை. இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது 1796இல். அடுத்த வருடம் ஒக்டோபர் 11ஆம் திகதி இவர்களது கடற்படைகள் ஒல்லாந்துக் கடலில், கேம்பர்டவுனுக்கு அருகே மோதின. ஆங்கிலத் தளபதியின் கப்பலில் பாய்மர உச்சி முறிந்து கொடி விழுந்தபோது, ஜாக் குரோஃபோர்ட் என்ற மாலுமி மேலே ஏறி அதை ஆணியடித்து நிறுத்தினார். ஆணியால் அறைந்த கொடியை இறக்க முடியாதல்லவா? தன் நிலைப்பாட்டைப் பகிரங்கமாகச் சொல்லி அதில் உறுதியாக நிற்பதை ‘கொடியைப் பாய்மரத்தில் அறைவது’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துக் கற்பித்தால் பிள்ளைகளுக்குப் படம்போல் மனதில் நிற்கும்.

நம்மிடமும் ‘வெற்றிக்கொடி நாட்டினார்’ உண்டு. ஆனால் அது வென்ற பிறகு ஊன்றும் கொடி. ஆங்கிலக் கொடியோ முதலே ஏற்றப்பட்டு, சோதனை முடியும்வரை இறங்காமல் நின்ற கொடி. ஆகவே சோதனை இல்லாத இடத்தில் இத்தொடர் பொருந்தாது. லொத்தர் விழுந்தவருக்கு இதைச் சொல்ல முடியாது. பரீட்சை, நேர்முகத் தேர்வு, சாரதிப் பரீட்சை என்றால் சரி. மட்டுமட்டாகத் தேறினாலும் ஆகாது. 9 ஏ எடுத்த பிள்ளைக்குத் தாராளமாக எழுதலாம். எல்லாப் பாடத்திலும் எஸ் எடுத்துத் தப்பியவருக்கு ‘ஸ்கிரேப் த்ரூ’ என்பதே உரியது.

வாக்கியத்தில் பெரும்பாலும் ‘பாஸ்’ அல்லது ‘கம் த்ரூ’ என்ற வினைக்குப் பின்னால் வரும். ‘வித்’தை எடுத்துவிட்டு ‘இன்’, ‘பை’ போடக்கூடாது. நடுவில் ‘த’ நுழையாது. கடைசி எஸ் விழுந்தால் கொடி போய் நிறம் வந்துவிடும். எழுத்துக்கூட்டலில் நமது பாடநூல் வழக்குப்படி யூ இருக்க வேண்டும். அதை விடுவது அமெரிக்க வழக்கு. வேலை விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி இப்படி எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. அங்கே பெறுபேற்றைக் குறிப்பிட்டாலே போதும்.

பாடசாலைகளில் நடக்கும் ‘கலர்ஸ் நைட்’ வேறு. அது விளையாட்டில் திறமை காட்டியவர்களுக்குப் பாடசாலையின் வர்ணங்களை அணியும் உரிமை தரும் விழா. அங்கே நிறம் நிறம்தான். ஒரே சொல் இரண்டு இடத்திலும் வருவதால்தான் உயர்தர மாணவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

தங்கள் கல்விப் பக்கத்தில் ஆங்கில மரபுத்தொடர்களை வெளியிடும்போது, பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களையும், பொருந்தாத இடம் ஒன்றையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.