ரயில் இல்லாத ரயிலடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்னையின் பழைய டிராம் வண்டிகளையும், கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயிலையும் நினைவுகூர்ந்து வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1895-இல் ஓடத் தொடங்கிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனதையும், 1931-இல் வந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004-இல் விடைபெற்றதையும் கட்டுரையாளர் மனம் கனிந்து எழுதியிருக்கிறார். அவற்றில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால், அன்றாடம் ரயிலேறிப் போய்வரும் வாழ்க்கை மாநகரத்தார்க்கு மட்டுமே வாய்த்தது என்று பொருள்படும் ஒரு வரி இடையில் வருகிறது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதம்.

மாயவரம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய, 1982-இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறிய ஊரின் சந்திப்பிலிருந்து கிழக்கே தரங்கம்பாடிக் கடற்கரை வரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மீட்டர்கேஜ் கிளைப்பாதை இருந்தது. 1926-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் மாயூரம் டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போகும் வண்டியைத் ‘தரங்கம்பாடி வண்டி’ என்போம். பெட்டிகள் சில; எஞ்சின் கரி எஞ்சின். மூட்டை முடிச்சோடு வழியனுப்ப நாலு பேர் வந்து நிற்க ஏறுகிற வண்டியாக அதை யாரும் நினைத்ததில்லை. பள்ளிக்கும் கோர்ட்டு கச்சேரிக்கும் சந்தைக்கும் போய்ப் பொழுது சாய வீடு திரும்புவதற்கான வண்டி அது. நான் ஆக்கூர்க்காரன். 1968 முதல் மூன்று ஆண்டுகள் மன்னம்பந்தல் கல்லூரிக்கு சீசன் டிக்கெட்டில் அதில்தான் போய்வந்தேன். பிறகு ஆசிரியர் வேலை கிடைத்த பின்னும், அந்த வண்டி நிறுத்தப்படும்வரை அதுவே என் வாகனம்.

சீசன் டிக்கெட் கைக்கு வருவதற்கு முன், சிறுவயதில் அப்பாவோடு போகும்போது வாங்கிய அட்டைச் சீட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு விரல் அகலமுள்ள தடித்த அட்டை. கவுண்ட்டருக்குப் பின்னால் புறாக்கூண்டு போன்ற மர அடுக்கில் ஊர்வாரியாக நிறுத்தி வைத்திருப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அடியிலிருந்து ஒன்றை உருவி, இரும்புப் பொறியில் செருகி இழுக்க, ‘டக்’ என்ற ஓசையோடு தேதி பதிந்து வரும். இறங்குகிற ஊரில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய துக்கம். ஒருமுறை கொடுக்காமல் உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு, அப்பாவின் வேட்டி மறைவில் ஸ்டேஷன் வாசலைக் கடந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் விரித்துப் பார்த்தால், வியர்வையில் ஊறிய அட்டை ஏடு ஏடாகப் பிரிந்து, ஊர்ப் பெயரும் இல்லாமல் தேதியும் இல்லாமல் வெறும் சக்கையாகக் கிடந்தது. திருட்டுக்குக் கிடைத்த கூலி என்று அம்மா சிரித்தார்.

காலை வண்டியின் கடைசிப் பெட்டி மீன்காரம்மாக்களுக்கு உரியது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை; ஆனாலும் மற்றவர்கள் அதில் ஏறத் தயங்குவார்கள். விடியற்காலையில் தரங்கம்பாடிக் கரையில் ஏலம் எடுத்த மீனைப் பனையோலைக் கூடையில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலகை இடுக்கு வழியாக மீன்தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். மாயூரம் டவுனில் இறங்கித் தெருத் தெருவாக விற்றுத் தீர்த்து, திரும்புகிற வண்டியில் அதே கூடையில் அரிசியும் கத்தரிக்காயும், பேரப்பிள்ளைக்கு ஒரு பொட்டலம் காராபூந்தியும் கொண்டுபோவார்கள். ஓடிவந்து அந்தப் பெட்டியில் தொற்றிக்கொண்ட ஒருநாள் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், “படிக்கிற புள்ளைக்கு வாசம் புடிக்கலையாம், கொழம்பு மட்டும் புடிக்குமாம்” என்றார். பெட்டியே சிரித்தது. அதற்குப் பிறகு நான் அவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகிறவனாகிவிட்டேன். எந்தப் பருவத்தில் எந்த மீன் ருசி என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெட்டியில் கற்றதுதான்; கல்லூரியில் கற்றதைவிட இது உபயோகமாயிற்று.

முகூர்த்த நாட்களில் வண்டியின் முகமே மாறிவிடும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள வருகிற குடும்பங்கள், மாயவரம் சந்திப்பில் சென்னை வண்டியை விட்டு இறங்கி, தாம்பாளமும் மாலைக் கூடையும் வாழைக்கட்டுமாக எங்கள் வண்டிக்கு மாறுவார்கள். மணப்பெண் யாரென்று தெரியாமல் நாங்கள் தேட, நடுவில் பட்டுப்புடவையில் வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் காட்டுவார்கள். தில்லையாடியில் வள்ளியம்மையின் பூர்விக ஊரென்று சொல்லி இறங்குகிறவர்களும், தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுலாக் கையேடுகள் நிறையவே சொல்கின்றன.

இந்த வண்டியின் வேகத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் கேலிக்கதைகள் ஏராளம். இறங்கி இளநீர் குடித்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம் என்பார்கள். அது மிகை. ஆனால், மெதுவாகப் போனாலும் எங்கள் நேரத்துக்குப் போயிற்று என்பதை அந்தக் கதைகள் சொல்வதில்லை. காலை வண்டி பள்ளியும் கோர்ட்டும் தாலுகா ஆபீசும் திறப்பதற்கு முன் எங்களைக் கொண்டுசேர்க்கும். மாலை வண்டி அவை மூடி, கடைத்தெருவுக்கு ஒருநடை போய்வந்த பிறகு கிளம்பும். ஐப்பசியில் மாயவரத்துக் காவிரியின் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட வருகிற கிழக்கத்திக் கூட்டத்துக்கும் அந்த நேரம் பொருந்திற்று. ரயிலடியின் சிக்னல் கைகாட்டி இறங்குவதை வைத்து எங்கள் தெருவில் உலை வைத்தார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1977 நவம்பர்ப் புயலில் தென்னைகள் வேரோடு சாய்ந்து, ஊர் ஊராகத் துண்டுபட்டுக் கிடந்த நாட்களுக்குப் பிறகு, முதல் வண்டியின் விசில் கேட்ட காலையில் என் அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் தம் வாழ்நாளில் அந்த வண்டியில் பத்துத் தடவைகூட ஏறியிருக்க மாட்டார்.

மாநகரத்தார்க்கு மட்டுமே என்ற வரிக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. தஞ்சை மாவட்டத்துக் கிளைப்பாதைகள் யாரோ தூக்கிக் கொடுத்த தானமல்ல. அந்நாளைய உள்ளாட்சி அமைப்பான தஞ்சை ஜில்லா போர்டு, நிலத்தீர்வையோடு ரயிலுக்கென்றே ஒரு வரி சேர்த்து வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை பாதை போட்டது. 1894-இல் அதில் வண்டி ஓடிற்று. நெல் விளைவித்தவர்கள் காசு போட்டு ரயில் விட்டார்கள் என்று இதைச் சொன்னால் தவறாகாது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இல் வந்த தண்டவாளத்தைத் துறைமுகத்துக்காக ரயில் கும்பினிக்காரர்கள் போட்டார்கள். ஜில்லா போர்டுப் பாதையோ நாத்தாங்காலுக்கும் களத்துக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள் கேட்டு வந்தது. அதன் பின் நீடாமங்கலம் – மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி – வேதாரண்யம், மாயவரம் – தரங்கம்பாடி என்று டெல்டாவின் நுனிகள் வரை பாதை நீண்டது. டிராம் ஓடிய காலத்துச் சென்னையில்கூட இத்தனை ஊர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ரயிலடி வாய்த்திருக்குமா என்று எனக்கு ஐயமே.

பிறகு ஒவ்வொன்றாக நின்றன. மன்னார்குடி வண்டி 1976-இல் நின்றது. எங்கள் தரங்கம்பாடி வண்டியும், பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் போன வண்டியும் 1980-களில் நின்றன. நட்டம் என்றார்கள். பேருந்துகள் பெருகிவிட்டன, சீட்டு விற்பனை குறைந்துவிட்டது என்ற கணக்கை நான் மறுக்கவில்லை; கடைசி ஆண்டுகளில் நானே சில நாட்கள் அவசரத்துக்குப் பேருந்தில் போயிருக்கிறேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் மீன்கூடையைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. வண்டி நின்ற சில மாதங்களுக்குப் பின், ஒரு காலைப் பொழுதில், செம்பனார்கோயில் கடைவீதியில் நான் நின்றிருந்த இடத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. கூடையோடு ஏற முயன்ற அம்மாவை நடத்துநர் கையை நீட்டித் தடுத்தார். பிற பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கூடையைத் திரும்பத் தலையில் ஏற்றிவிட என்னை ஒரு கை பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் சட்டையின் முன்பக்கம் முழுவதும் நனைந்துபோய், அன்றைய முதல் இரண்டு வகுப்புகளையும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே நடத்தினேன்.

பழையது எல்லாம் திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவனல்லன் நான். கரித்தூள் கண்ணில் விழுந்து நாளெல்லாம் கசக்கியதும், பலகை இடுக்கில் மூட்டைப்பூச்சி இருந்ததும் எனக்கு மறக்கவில்லை. டெல்டாவில் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தது நல்லதே. மன்னார்குடிக்கு 2011-இல் மறுபடி தண்டவாளம் வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது நியாயம்தான். இன்று அங்கிருந்து ராஜஸ்தானத்து ஜோத்பூர் வரை வாராந்திர வண்டி இருக்கிறது. மகிழ்ச்சி. பக்கத்து ஊரில் பத்து மணிக்கு வேலைக்குச் சேர வேண்டியவருக்கும், எட்டேகால் மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டிய பிள்ளைக்கும் பொருந்துகிற வண்டிகள் டெல்டாவின் கிளைப்பாதைகளில் எத்தனை என்பதைத்தான் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். திருவாரூர் – காரைக்குடிப் பாதை 2019-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டபோது, கேட்கீப்பர்கள் இல்லாத குறையால், கேட்டை மூடித் திறப்பதற்கென்று ஊழியர்கள் வண்டியிலேயே ஏறிவந்து ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி ஏறினார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க 6 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. தரங்கம்பாடி வண்டியைக் கேலி செய்தவர்கள் அன்று எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகலப்பாதை திறந்ததைச் செய்தியில் படித்த மறுவாரமே அதில் போய்வந்தேன். புதுப் பெட்டி, சுத்தமான இருக்கை, ஜன்னலுக்கு வெளியே உப்பளத்து வெளிச்சம். எல்லாம் நன்றாகவே இருந்தது. எதிர் இருக்கையில் இருந்தவரிடம் வேலையாகப் போகிறீர்களா என்று கேட்டேன். வேலைக்குப் பைக்கில்தான் போவாராம், ரயிலைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவந்தாராம்.

மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆட்சியர் அலுவலகம் அமைந்திருப்பது மன்னம்பந்தலில். நான் கல்லூரிக்கு இறங்கிய அதே மன்னம்பந்தல். பட்டா மாற்றவும் முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கவும் தரங்கம்பாடி வட்டத்து மக்கள் இன்று போகிற வழி, கிட்டத்தட்ட அந்தப் பழைய தண்டவாளத்தின் வழிதான். பாதையை மீண்டும் போட வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் பக்கத்தில் நெடுநாளாக இருக்கிறது. அது நிறைவேறும் காலம் வந்தால், எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அறிவிப்பதற்கு முன், திங்கட்கிழமை மனுநாளன்று தில்லையாடியில் ஏறுகிற கிழவி பத்து மணிக்கு மன்னம்பந்தலில் இறங்குவாரா என்று யாராவது கேட்க வேண்டும். கடைசியில் கூடை ஏற்ற ஒரு பெட்டியும் வேண்டும்.

தங்கள் கட்டுரையாளர் எப்போதாவது இப்பக்கம் வர நேர்ந்தால், மயிலாடுதுறையில் பொறையாறு போகும் பேருந்தில் ஏறி, எங்கள் ஊர் பெயரைச் சொல்லி ‘ரயிலடி’ என்று சீட்டுக் கேட்கட்டும். இருபத்தைந்து வயது நடத்துநராக இருந்தாலும், எந்த ரயில் என்று கேட்க மாட்டார். சீட்டைக் கிழித்துக் கொடுத்து, சைக்கிள் கடைக்கு எதிரில் இறக்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஆக்கூர்.