ஆறடிச் சுவர்

டெட்ராய்ட்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. மகள் வீட்டில் குளிருக்குப் பயந்து முடங்கிக் கிடந்தேன். போன ஞாயிறு கொஞ்சம் வெயில் அடித்ததும் மாப்பிள்ளை ஒரு சுவரைக் காட்ட அழைத்துப் போனார். சுவரைப் பார்க்கவா அமெரிக்கா வந்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

எய்ட் மைல் சாலைக்குப் பக்கத்தில், வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி அரை மைல் ஓடுகிறது. ஆறடி உயரம், ஓரடி கனம், வெறும் கான்கிரீட். கறுப்பினத்தவர் ஏற்கெனவே வசித்த பகுதிக்கு அடுத்த நிலத்தில், வெள்ளையருக்கு மட்டும் வீடு கட்டி விற்க ஒரு மனை வணிகர் கிளம்பினார். பக்கத்தில் கறுப்பினத்தவர் இருப்பதால் கடனுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம். 1941இல் நடுவே சுவர் எழுந்தது, உத்தரவாதமும் கிடைத்தது.

எக்கினால் அந்தப் பக்கம் தெரிகிறது. பத்து வயதுப் பையன் ஏறிக் குதித்துவிடுவான். ஆளைத் தடுக்க அல்ல, கடன் கோப்புகளை நகர்த்தக் கட்டிய சுவர் அது! கடன் பிரிவிலேயே காலம் கழித்த உனக்கு இது சட்டென்று புரியும். 1930களில் எந்தத் தெருவுக்குக் கடன் தரலாம், எது ஆபத்து என்று காட்ட நகர வரைபடங்களுக்கே பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டினார்கள்; பச்சை நல்லது, சிவப்பு ஆபத்து. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பு. கடன் கிடைக்காமல் கூரை ஒழுகியது. ஒழுகும் கூரையையே காட்டி, பார்த்தீர்களா, இந்தத் தெருவே மோசம் என்றார்கள்.

இப்போது சுவரின் ஒரு பகுதியில் ஓவியங்கள். சிறுவர்கள் சோப்புக் குமிழி ஊதுகிறார்கள். ரோசா பார்க்ஸ் பஸ் ஏறுகிறார். 1955இல் தெற்கே அலபாமாவின் மான்ட்கமரியில், கறுப்பினப் பெண்ணான அவர் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த அதே பஸ், பக்கத்து ஊரான டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டியர்பார்ன் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பார்ட், கறுப்பினத்தவரை ஊருக்குள் அண்டவிடக் கூடாது என்று வெளிப்படையாகப் பேசியே தேர்தல்களில் ஜெயித்தவர். ஃபோர்டு ஆலையில் அவர்கள் கார் செய்யலாம். ஷிஃப்ட் முடிந்தால் டெட்ராய்ட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த ஊரிலா இந்த பஸ் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கும் போய் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தபோது எதிர் இருக்கையில் ஒரு கறுப்பினப் பாட்டி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

சண்முகம், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மேசைக்கு வந்த மனுக்களில், தெருப் பெயரைப் பார்த்ததுமே அடியில் தள்ளிவைத்தது உண்டா? பங்குனியில் ஊருக்கு வருகிறேன், நேரில் சொல். அதற்குள் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறிப் பழகிவிடு, மொட்டைமாடியில் உட்கார்ந்து பேச வேண்டும்.

அன்புடன்,
ராகவன்