தரங்கம்பாடி ஊராருக்கு: அப்பா வீடு வந்து சேர்ந்தார்

தரங்கம்பாடி மக்களுக்கு வணக்கம்.

அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். இன்று காலை எழுந்து உட்கார்ந்து பேப்பர் கேட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இதை எழுதக் கை வந்தது. சனிக்கிழமை மாலை மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்தில் அப்பா நினைவிழந்து விழுந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. கடற்கரையில் இருந்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு இன்னும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

நாங்கள் உங்கள் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு அது வெகுநாள் ஆசை. ஆயுசு முழுக்க அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய கரையைப் பார்க்க வேண்டும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஊரில் ஒரு நாளாவது நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிதாக இருந்ததால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள் என்பதை, தன் பட்டறையில் நடந்த சங்கதி மாதிரி அன்று காலை கிங் ஸ்ட்ரீட்டில் நின்று எங்களுக்குச் சொன்னார். புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறை முன்னால் நெடுநேரம் நின்றார். டேனிஷ் கோட்டையையும் பார்த்துவிட்டு, மாலையில் கடலைப் பார்க்கப் போனோம்.

கூப்பிடாமலே ஓடிவந்து அப்பாவைத் தூக்கிய தம்பிகள், ஹாரனை அழுத்திக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டுக் காசு வாங்காமல் கிளம்பிய ஆட்டோ அண்ணன், அரசு மருத்துவமனையில் அந்த முதல் அரை மணி நேரத்தை வீணாக்காத டாக்டரும் நர்ஸும், 108 வண்டியில் அப்பாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து வந்தவர், எங்கள் பைகளைக் கட்டிப் பத்திரமாக வைத்திருந்து இரண்டாம் நாள் வாடகையும் வேண்டாம் என்ற தங்குமிடத்துக்காரர், விடியற்காலையில் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்த பெரியவர். யார் பெயரையும் கேட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. உங்கள் எல்லோர் காலிலும் விழ வேண்டும்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா அவர். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல், கூடையைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அச்சு மெஷின் சத்தத்திலேயே வேலை பார்த்து அப்பாவுக்குக் காது மந்தம். காது மெஷின் அந்தக் களேபரத்தில் எங்கோ விழுந்துவிட்டது. மருத்துவமனையில் நினைவு திரும்பியதும் தன்னைச் சுற்றி எத்தனையோ வாய்கள் அசைவது தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கையில் ஊசி, மூக்கில் குழாய். அவர் பயந்துபோய்க் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம்தான் கூடியது.

அந்த அக்கா எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “கத்தாதீங்க. கத்துனா கேக்காது, திட்டுற மாதிரிதான் தெரியும்” என்றார். அப்பாவின் முகத்துக்கு நேராக, வெளிச்சம் தன் மேல் விழுகிற மாதிரி நின்றார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: “ஐயா, ஆஸ்பத்திரி. ஊசி போடுறாங்க. அம்மா இங்கதான் இருக்காங்க.” சொல்லிவிட்டு அம்மாவின் கையை எடுத்து அப்பாவின் கைமேல் வைத்தார். அப்பா அவர் வாயையே பார்த்தார். தலையாட்டினார். கை தளர்ந்தது. அதற்கப்புறம் நர்ஸும் அதே மாதிரி நேரே நின்று பேச, வலி எங்கே என்று கேட்டதற்கு அப்பா தெளிவாகப் பதில் சொன்னார்.

உங்களுக்கு எப்படி அக்கா இது தெரியும் என்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். போட் இஞ்சின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து காது போயிருச்சு” என்றார். அச்சகத்தில் ஒருவர், கடலில் ஒருவர். பிழைப்பு இரண்டு பேர் காதையும் வாங்கிக்கொண்டது. தன் வீட்டுக்காரரோடு பேசுவதற்காக அந்த அக்கா யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டதுதான் அன்றைக்கு எங்கள் அப்பாவைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். மருந்து அப்புறம் வந்தது. முதலில் பயம் போனது.

அம்மா பணம் கொடுக்கப் போனபோது கையை மூடிவிட்டு, “ஐயா எழுந்து நடக்கட்டும், அது போதும்” என்று சொல்லிக் கருவாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். 2004 சுனாமி உங்கள் ஊரை எப்படிச் சிதைத்தது என்று படித்திருக்கிறேன். கடல் அத்தனை செய்தும், அடுத்தவர் துன்பம் என்றால் இப்படி ஓடிவருகிறீர்களே, அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. எதிரே போய் உட்கார்ந்துதான் பேசுகிறோம். பொறையாரில் காகிதம் செய்த கடுதாசிப்பட்டறையைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று நேற்றிரவே ஆரம்பித்துவிட்டார். டாக்டர் சரி என்று சொன்னதும் கூட்டி வருகிறேன்.

அக்கா, உங்களிடம் ஒரு விஷயம். உங்கள் வீட்டுக்காரருக்குக் காது மெஷின் இல்லை என்று சொன்னீர்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் அரசாங்கமே தருகிறது. காது டாக்டரிடம் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். மயிலாடுதுறைக்கு அவரை நானே அழைத்துப் போகிறேன். மனு எழுதும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார், தன் கையெழுத்தில்தான் எழுதுவாராம். கடலுக்குப் போகாத நாள் எது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.