ஷெரிப் பீப்பாயின் மணம்

ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பிக்கு,

பால்வெனி டபிள்வுட் என்ற ஸ்கொச் விஸ்கி தொண்டையை எரித்ததாகவும், அதில் பழ மணமே வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். மணம் வராதது ஐஸ் போட்டதால் வந்த வினை. குளிர் ஏற மணம் அடங்கிவிடும், துவர்ப்புத்தான் மேலே நிற்கும். ஆவணியில் வரும்போது அதை எடுத்து வா. இங்கே ஆறுதலாகச் சுவைக்கலாம்.

1993இல் முதன்முதலாக வெளிவந்த சரக்கு அது. குறைந்தது 12 வருசம் பீப்பாயில் ஊறும். அதில் பெரும்பகுதி, பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஊறிய அமெரிக்க ஓக் பீப்பாயில் கழிகிறது. அங்கேதான் தேனும் வனிலாவும் ஏறும். அதன் பிறகு ஏறக்குறைய 9 மாதம் ஸ்பெயின் நாட்டு வைனான ஷெரியில் ஒலரோசோ என்ற வகை இருந்த பீப்பாய்க்கு மாற்றுவார்கள். பிந்திய பீப்பாய் முந்தியதை மூடிவிட்டால் அது கெட்ட வேலை. வற்றல் பழத்துக்குக் கீழே பார்லியும் தேனும் தெரிய வேண்டும்.

விறாந்தையில் இருந்து குடிக்க ஏலாது, சோளகம் மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வெயில் தணிந்த பிறகு அறைக்குள்ளே, வாய் ஒடுங்கிய கிளாசில் 25 மில்லி வார்த்து, ஒரு பீரிசால் மூடி 10 நிமிசம் விடு. மூக்கை உள்ளே விடாதே, மதுசாரம் அடித்து மரத்துப்போகும். நாடிக்கு (தாடைக்கு) நேரே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி மணந்து பார்.

ஷெரிப் பீப்பாய் விஸ்கிக்கு வழக்கமாகச் சொல்லும் கிறிஸ்மஸ் கேக்கைத் தேடிக் களைக்க வேண்டாம். காய்ந்து ஒட்டும் பாலைப்பழம், இலுப்பைப்பூ, வறுத்த கச்சான் இவற்றை நினைத்துக்கொள். ஒலரோசோ இனிப்பில்லாத ஷெரி, ஆகவே கச்சான் பக்கம்தான் கூடச் சாயும். பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெரி வேறு. அதற்கு முந்திரிகைப் பழத்தை (திராட்சையை) வெயிலில் காயவைத்துத்தான் பிழிவார்கள், நாங்கள் பாயில் பனங்களி ஊற்றிப் பனாட்டுப் போடுவது போல. அந்தப் பீப்பாய் கண்ட விஸ்கியில் பனாட்டும் பாணியும் மணக்கும்.

முதல் மிடறு வாயைப் பழக்க மட்டும். இரண்டாவதை 10 விநாடி நாக்கில் உருட்டி விழுங்கி, மூக்கால் மூச்சை விடு. மணத்தில் பாதி அப்போதுதான் வரும். பிறகு அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டுப் பார். அது 40 வீதச் சரக்கு. 25 மில்லிக்கு 5 மில்லி சேர்த்தாலே 33 வீதத்துக்கு இறங்கிவிடும், அதற்கு மேல் வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, வடிகட்டிய தண்ணீர்தான் சரி.

நிறத்தை நம்பாதே. ஸ்கொச்சில் கருக்கிய சீனிச் சாயம் சேர்க்கச் சட்டம் விடுகிறது. எரிந்த தீக்குச்சியோ அவித்த முட்டைக்கோவாவோ மணந்தால் கந்தகம். வெறும் பீப்பாய் பழுதாகாமல் இருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவதால் வருவது. சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு அது பழுதுதான். வாய் பச்சைப் பாக்குச் சப்பினது மாதிரி இறுகினால், அந்த மரத்தில் கிடந்தது கூடிப்போச்சு.

அன்றைக்குக் கருவாடும் வெற்றிலையும் கிட்ட வரக் கூடாது. திறந்த போத்தலை நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுத்தால் மதுசாரம் தக்கையை அரிக்கும். தகரக் கூரைச் சூட்டுக்குள்ளும் வைக்க ஏலாது. உள்ளறை அலுமாரியின் கீழ்த் தட்டை ஒதுக்கியிருக்கிறேன்.

ஒடுங்கிய கிளாஸ் இங்கே கிடைக்காது. இரண்டு எடுத்து வா.

அப்பா